இசைத்தட்டு முதல் எழுத்துக்கட்டை வரை



பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டதும், கடாரம், மலாக்கா என்று எதையாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போன ஆண்டு நம் பள்ளியில் நடந்த கோத்தோங் ரோயோங்கை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பொருளறையைக் காலி செய்தபோது, கரையான் அரித்த மைலோ அட்டைப்பெட்டி ஒன்று குப்பை லாரியில் ஏறிவிட்டது. கறுத்துப்போன கேசட்டுகள் வெளியே எட்டிப்பார்த்தன. லாரி கிளம்பும் நேரத்தில் ஒரு தாத்தா கையை நீட்டி, "நிறுத்துங்க, அதுல என்ன கேசட்டு சத்தம் கேக்குது?" என்றார்.

பார்த்து அல்ல, கேட்டுச் சொன்னார். முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். இனிப்புநீர் வியாதியால் இரண்டு கண்களும் போய்விட்டன. அட்டைப்பெட்டியில் பிளாஸ்டிக் டப்பாக்கள் உரசிய சத்தத்தை வைத்தே கேசட் என்று கண்டுகொண்டார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே அவரைத் தாத்தா என்றே எழுதுகிறேன்.

பெட்டியில் 37 கேசட்டுகள் இருந்தன. எல்லாம் நம் பள்ளிப் பரிசளிப்பு விழாக்களில் பதிவு செய்தவை. பிள்ளைகளின் பாட்டு, வில்லுப்பாட்டு, அந்தக் காலத்துத் தலைமையாசிரியர்களின் பேச்சு, தோட்டத்துப் பெண்கள் அடித்த கும்மி. 1986ஆம் ஆண்டுக் கும்மியில் முன்பாட்டுப் பாடியவர் தாத்தாவின் மனைவி. அந்தப் பாட்டி இப்போது இல்லை. "அந்தக் கேசட்டு இருக்குதா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

அதைக் கேட்க வைப்பது எப்படி என்று தேடிய கதைதான் இந்தக் கட்டுரை. தேடப் போனால், பாட்டுக் கேட்கும் கருவிகளின் வரலாறு முழுவதும் உள்ளே வந்துவிட்டது.

பேசும் இயந்திரத்தை அமெரிக்காவில் எடிசன் செய்தது 1877இல். பத்து ஆண்டு கழித்து, 1887இல் பெர்லினர் என்பவர் உருளைக்குப் பதிலாகத் தட்டையான தட்டில் ஒலியைப் பதிக்கும் வழியைக் கண்டார். அதுதான் கிராமபோன். 1902இல் கல்கத்தாவில் இந்தியப் பாடகர்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். 1931இல் 'காளிதாஸ்' வந்து தமிழ்ப்படம் பேசத் தொடங்கியபின், சினிமாப் பாட்டும் தட்டில் ஏறிக் கப்பலில் மலாயாவுக்கு வந்தது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். கிராணி வீட்டுத் திண்ணையில் பெட்டி பாடும், லயத்துச் சனம் வேலிக்கு வெளியே நின்று கேட்கும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எந்தப் பாட்டு வேண்டும் என்று முடிவு செய்பவர் பெட்டிக்குச் சொந்தக்காரர். மற்றவர்களுக்குக் காது மட்டும்தான்.

பிறகு வானொலி. 1946 ஏப்ரல் முதல் தேதி மலாயா வானொலி பிறந்தது. இன்று பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்தில் அங்காசாபுரியில் இருந்து வரும் மின்னல் பண்பலை அதன் பேத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பல லயங்களில் மின்சாரம் இல்லை, இருந்தாலும் இன்ஜின் ஓடும் சில மணி நேரத்துக்குத்தான். உலர்ந்த பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் பெட்டி வந்தபின்தான் வானொலி நம் வீட்டுக்குள் நுழைந்தது. டிரான்சிஸ்டர் வானொலி முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1954இல், அமெரிக்காவில். அதிலும் நமக்கு வாய்த்தது ஒரே ஒரு திருகு. நிலையம் என்ன போடுகிறதோ அதுதான். வேண்டிய பாட்டுக்கு அஞ்சலட்டை எழுதிவிட்டு, நம் பெயரைச் சொல்வார்களா என்று வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கேசட் இதையெல்லாம் தலைகீழாக்கியது. 1963இல் பிலிப்ஸ் கம்பெனி பெர்லின் கண்காட்சியில் அதை வெளியிட்டது. உள்ளே ஓடும் நாடா நொடிக்கு ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் நகரும். அறுபது நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கேசட் கடைகள் ஒலிபெருக்கியைச் சடக்குப் பக்கம் திருப்பி வைத்துப் பாட்டுப் போட்ட காலத்தின் வால் எனக்கும் நினைவிருக்கிறது. அப்பா சம்பள நாளில் கிள்ளானுக்குப் போனால் மூன்று வெள்ளியோ நான்கு வெள்ளியோ கொடுத்து ஒன்று வாங்கி வருவார். எங்கள் வீட்டில் அதற்குச் சண்டை நடக்கும், அது வேறு கதை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். டேப் ரெக்கார்டரில் முன்பக்கம் ஐந்தாறு கட்டைகள் வரிசையாக இருக்கும். ஆர்மோனியக் கட்டை மாதிரி. பின்னே ஓட்ட, பாட, நிறுத்த, முன்னே ஓட்ட, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டை. அழுத்தினால் 'டக்' என்று பதில் சொல்லும். இருட்டிலும் போடலாம். வெட்டுக்குப் போக நாலு மணிக்கு எழுந்து, விளக்கைப் போடாமல் பிள்ளைகளைத் தாண்டிப் போய்ப் பாட்டுப் போட்டவர்கள் இதைப் படிப்பவர்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். நம் மக்கள் தாங்களே தங்கள் குரலைப் பதிவு செய்ததும் இந்தக் கருவியில்தான்.

கண் தெரியாதவர்களுக்கும் பாட்டுப் பெட்டிக்கும் உள்ள சொந்தம் இன்னும் பழையது. நாம் எல்பி என்று சொல்லும் நீண்ட நேர இசைத்தட்டு கடைக்கு வந்தது 1948இல். ஆனால் அதற்குப் பத்தாண்டுக்கு மேலாகவே, 1934இல் அமெரிக்காவிலும் 1935இல் இங்கிலாந்திலும், பார்வையற்றோருக்காகப் புத்தகங்களை வாசித்து மெதுவாகச் சுற்றும் நீண்ட தட்டுகளில் பதிந்து கொடுத்தார்கள். நம் நாட்டில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தொடங்கியது. அதன் தலைமையகம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. அங்கே நடைபாதையில் புடைப்பு வைத்த கற்கள் மேல் வெள்ளைக்கோல் தட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பகுதியில் வேலை பார்க்கும் பார்வையற்ற நண்பர் ஒருவரிடம் தாத்தாவின் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "டீச்சர், நாங்க யாருமே மவுஸைத் தொடறதில்ல. அம்பு எங்க இருக்குன்னு தெரியாம எதை அழுத்த? எழுத்துக்கட்டைதான் எங்களுக்குக் கண்" என்றார்.

அந்த ஒரு சொல்லில்தான் வழி திறந்தது.

கைப்பேசியில் போட்டுக் கொடுத்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் முதலில் செய்தேன். கைப்பேசியின் முகம் கண்ணாடி. விரலுக்கு அங்கே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. தாத்தா தடவிய தடவலில் யாருக்கோ அழைப்புப் போய்விட்டது. தொட்டதைப் பேசிக்காட்டும் வசதி கைப்பேசியில் உண்டுதான். ஆனால் இரண்டு முறை தட்டு, மூன்று விரலால் தள்ளு என்று எழுபது வயதில் பழகுவது லேசான காரியமா? தோட்டத்தில் இணையம் கிடைக்கும் அழகும் உங்களுக்குத் தெரியும்.

பள்ளியில் பழைய மடிக்கணினி ஒன்று சும்மா கிடந்தது. கிள்ளானில் கணினி பழுது பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்து, முனையம் என்ற ஒன்றைக் காட்டினார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, வேறு படமே இல்லை. பிள்ளைகள் 'திகில் படக் கணினி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்தக் கறுப்புத் திரைக்கும் வரலாறு உண்டு. கணினிக்குத் திரையே இல்லாத காலத்தில், தந்தி அலுவலகத்துத் தட்டச்சு இயந்திரம் போன்ற ஒன்றில் தட்டுவார்கள், பதில் காகிதத்தில் அடித்து வரும். 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கியபோது அப்படித்தான் வேலை செய்தார்கள். பிறகு காகிதத்தின் இடத்தில் திரை வந்தது. 1978இல் வந்த விடி100 என்ற முனையத்தில் 24 வரி, வரிக்கு 80 எழுத்து. சுட்டி கிடையாது. ஆகவே எல்லா வேலைக்கும் ஓர் எழுத்துக்கட்டை கொடுத்தார்கள். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் அந்த வழக்கத்தை விடவில்லை. அதனால்தான் புதுக் கணினிகளில் மறைந்துபோன 'கட்டை' இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டேப் ரெக்கார்டரின் காதுக்கருவித் துளையில் இருந்து கணினிக்கு ஒரு கம்பி. அறுபது நிமிடக் கேசட்டுக்கு அறுபது நிமிடம் உட்கார்ந்தே ஆக வேண்டும், குறுக்குவழி இல்லை. நம் ஊர் ஈரத்தில் நாடாமேல் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தது. 29 கேசட்டுகள் பாடின, 8 பாடவில்லை. 1986 பாடிற்று.

சரி, பாட வைக்க எந்தச் செயலி? மூன்றைப் பார்த்தோம்.

முதலாவது மொக். திரை இரண்டாகப் பிரிந்து, இடப்பக்கம் கணினியில் உள்ள கோப்புறைகள், வலப்பக்கம் பாடப்போகும் பட்டியல். வீட்டு அலமாரியில் அடுக்கியபடியே எடுத்துக்கொள்ளலாம். நம் பதிவுகளுக்குப் பாடகர் யார், ஆண்டு என்ன என்ற உள்விவரம் எதுவும் எழுதப்படாததால் இது வசதியாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு ஒரு குணம். சின்ன 'க்யூ' எழுத்தை அழுத்தினால் திரை மட்டும் மூடும், பாட்டு பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். முழுதும் நிறுத்தப் பெரிய 'க்யூ'. இது தெரியாமல் நான் திரையை மூடிவிட்டு வகுப்புக்குப் போக, சபைகூடலில் தலைமையாசிரியர் பேசிக்கொண்டிருக்கும்போது நூலகத்தில் இருந்து வில்லுப்பாட்டு கேட்டது. குற்றம் செயலியுடையது அல்ல, படிக்காமல் போன என்னுடையது.

இரண்டாவது எம்பிடி. இது வீட்டுக்குள் இருக்கும் சமையல்காரர் மாதிரி. முகத்தைக் காட்டாமல் பின்னால் இருந்து பாடும். ஏவுகிறவர் வேறு. முனையத்தில் இருந்தும் ஏவலாம், வேறொரு கணினியில் இருந்தும் ஏவலாம். திறமையானது. ஆனால் அமைப்புக் கோப்பை எழுதி நிறுத்துவதற்குள் எனக்கு இரண்டு சனிக்கிழமை போயிற்று. நான் வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போனால், அடுத்து வருகிற ஆசிரியருக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

மூன்றாவது சீமஸ். டிமோ ஹிர்வோனென் என்பவர் எழுதத் தொடங்கி, பிறகு தன்னார்வலர்கள் பலர் சேர்ந்து பார்த்துக்கொள்வது. காசு கிடையாது, பழைய கணினிக்கும் சுமை இல்லை. குறை இல்லாமல் இல்லை. உள்விவரம் இல்லாத பாட்டையெல்லாம் பெயர் இல்லாதவர் என்று ஒரே குவியலில் தள்ளிவிடும், நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும். ஆனாலும் இதன் கட்டைகளைப் பார்த்தவுடன் எனக்கு உட்கார்ந்திருந்த இடத்திலேயே சிரிப்பு வந்தது.

எழுத்துக்கட்டைப் பலகையின் கீழ்வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். இடது ஓரத்து அகலக் கட்டையை அடுத்து இசட், எக்ஸ், சி, வி, பி. சீமஸில் இசட் முந்திய பாட்டு, எக்ஸ் பாடு, சி சற்று நில், வி நிறுத்து, பி அடுத்த பாட்டு. ஐந்து கட்டைகள், பக்கத்தில் பக்கத்தில், நம் பழைய டேப் ரெக்கார்டர் மாதிரியே! இது தற்செயலும் அல்ல. 1997இல் வந்த வின்னாம்ப் என்ற புகழ்பெற்ற பாட்டுச் செயலியிலும் இதே ஐந்துக்கு இதே வேலைதான். கருவி மாறியும் கட்டை வரிசை மாறவில்லை.

தாத்தாவுக்கு அகலக் கட்டையைத் தொட்டுக் காட்டினேன். அதற்கு அடுத்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டார். 'பாடு' கட்டைமேல் ஒட்டும் பொட்டு ஒன்றையும் 'அடுத்தது' கட்டைமேல் இன்னொன்றையும் ஒட்டினேன். இந்த யோசனை ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியுடையது, என்னுடையது அல்ல. இரண்டாம் நாளே என் உதவி அவருக்குத் தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள் புகார் வந்தது. "டீச்சர், 86 போட்டா அடுத்து 91 வருது, அப்புறம் 79. பேய் புகுந்திருச்சா?" பார்த்தால், எக்ஸுக்கு நேர்மேலே இருக்கும் எஸ் கட்டையில் விரல் பட்டிருக்கிறது. அதை அழுத்தினால் பாட்டுகள் வரிசை கலைந்து ஓடும். நல்லவேளை, சீமஸில் ஒரு கட்டையின் வேலையை நாமே கழற்றிவிடலாம். கழற்றிவிட்டோம். பேய் போயிற்று.

பெரிய தலைவலி தமிழில்தான் வந்தது. கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்க ஆசைப்பட்டேன். முனையத்தின் திரை நம் கணக்கு நோட்டு மாதிரி, எழுத்துக்கு ஒரு சதுரக் கட்டம். ஆங்கிலம் அதில் அடங்கும். 'கொ' என்று எழுதினால் ககரத்துக்கு முன்னே ஒரு கொம்பு, பின்னே ஒரு கால். எந்தக் கட்டத்தில் எதைப் போடுவது என்று திணறி, பல முனையங்கள் எழுத்தை உடைத்துப் போடுகின்றன. லினக்ஸின் வெறும் கறுப்புத் திரைக்கோ மொத்தமே 512 எழுத்து வடிவங்களுக்குத்தான் இடம், அதில் தமிழ் தேறாது.

இத்தனைக்கும் எழுத்துக்கட்டையில் தமிழை ஏற்றிய கதையில் நம் மண்ணுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்த ஆர். முத்தையா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்தவர். 1985இல் கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் முரசு செயலியை உருவாக்கினார். அவருடைய அஞ்சல் முறையில் ஆங்கிலக் கட்டையைத் தட்டித் தமிழ் எழுதிய தலைமுறைதான் நாங்கள். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்99 கட்டையமைப்பு வந்தது, 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. ஆனாலும் பாருங்கள், கட்டை தமிழ்99 நிலையில் இருந்தால் நம் ஐந்து கட்டைகளும் ஔ, ஓ, ஒ, வ, ங ஆகிவிடும். பாட்டு நகராது. தாத்தா உட்காரும் முன் அதை ஆங்கிலத்துக்கு மாற்றி வைக்க வேண்டும் என்று நூலகப் பொறுப்பு மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். கோப்புக்கு ஆண்டையும் பக்கத்தையும் எண்ணாக மட்டும் வைத்தோம். அப்படி வைத்தால் வரிசையும் தானே சரியாக வந்துவிடுகிறது. ஆனால் திரையைப் பார்க்க முடியாதவருக்கு எண்ணால் என்ன பயன்? எனவே ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் நம் பிள்ளைகள் பேசிச் சேர்த்தார்கள்: "1983ஆம் ஆண்டு, முதல் பக்கம், வரவேற்புப் பாட்டு." இருபத்தொன்பது கேசட், ஐம்பத்தெட்டுப் பக்கம், ஐம்பத்தெட்டுக் குரல். வெட்கப்பட்டு வாய் திறக்காத இரண்டாம் ஆண்டுப் பையன்கூட ஒன்று சொல்லியிருக்கிறான். கணினியே பேசிக்காட்டும் வசதியும் உண்டு, தமிழும் பேசும், ஆனால் அந்த உச்சரிப்பைக் கேட்டுவிட்டுத் தாத்தா, "பிள்ளைங்களே சொல்லட்டும்மா" என்றார்.

1986, இரண்டாம் பக்கம். பாட்டியின் குரல் மூன்றாவதாக வருகிறது. முதல் இரண்டு வரிக்கு இரைச்சல், பிறகு தெளிவு. தாத்தா அன்றைக்கு அதை நான்கு முறை கேட்டார். ஐந்தாம் முறை நடுவில் 'சற்று நில்' கட்டையை அழுத்திவிட்டு, பக்கத்தில் இருந்த மாணவியிடம், "இந்த இடத்துல அவ ஒரு சொல்ல மாத்திப் பாடிட்டா. யாருமே கவனிக்கல. வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சா" என்றார். பிறகு அவரே எக்ஸை அழுத்தினார்.

பதிவுகள் இப்போது நூலக மூலையில் இருக்கின்றன. செவ்வாய், வியாழன் பிற்பகல் இரண்டு மணிக்குமேல் யார் வேண்டுமானாலும் வரலாம். காதுக்கருவி இரண்டு இருக்கிறது. 1979க்கும் 1994க்கும் இடையில் இங்கே படித்தவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள், உங்கள் குரலும் அதில் இருக்கலாம். பாடாத எட்டில் 1981, 1988 விழாக்களும் சேர்ந்துவிட்டன. அந்த ஆண்டுகளில் சொந்த டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து பதிவு செய்தவர்கள் யாராவது வீட்டுப் பரணில் ஒரு படி வைத்திருந்தால், அலுவலகத்தில் கொடுங்கள். மாற்றி எடுத்துக்கொண்டு ஒரு வாரத்தில் திருப்பித் தருகிறோம். பூஞ்சை பிடித்திருந்தாலும் துடைக்க வேண்டாம், அப்படியே கொண்டு வாருங்கள்.